தலையில் கவிழ்த்த பேசின்

என் தங்கை பாண்டிச்செல்வி போராடி ஜெயித்தவற்றை ஒன்று விடாமல் சொல்கிறேன். புருஷன் போன மூன்றாம் மாதமே இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. ஐஸிலும் இறால் ஓட்டிலும் விரல்ரேகை தேய்ந்து, மெஷின் அவளை அடையாளம் காட்டாத பிறகும் நடையாய் நடந்து வாங்கிய ரேஷன் கார்டு. மகள் மாதுரிக்கு நர்சிங் சீட்டு. கடைசியாக, பதினொரு வருஷம் காத்திருந்து, இந்தக் கொச்சியில், மட்டாஞ்சேரியில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு.

அந்த வீடு கைக்கு வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

சாவி வாங்கத் திங்கட்கிழமை மாலை நான்கு மணி வரைதான் கெடு. தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்கென்று மழைக்கு ரெட் அலர்ட். வாடகை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நான் ஒவ்வொரு மூட்டைக்கும் எண் போட்டு, அரிசியும் உப்பும் முதலில் வீட்டுக்குள் போகும்படி மேலே வைத்துக் கட்டியிருந்தேன். சாமான் ஏற்றிய சேவியர் சேட்டனின் பெட்டி ஆட்டோ பாதி வழியில் வெள்ளத்தில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். இவள் ஷெட்டில் வைத்து வேலை செய்யும் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தள்ளினாள்.

"புது வீட்டுக்கு எவளாச்சும் இறால் நாத்தத்தோட போவாளாடி? தூக்கி எறி அதை."

"குடையை மூட்டைக்கு அடியில கட்டினது யாருக்கா?"

சேவியர் சேட்டன் சிரித்தார். குடை, பதினேழாம் எண் மூட்டை.

போய்ச் சேரும்போது மூன்றரை. சாவி கொடுக்க உட்கார்ந்திருந்த சுமா மேடம் இவளுடைய பத்து விரலையும் மெஷினில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பதியவில்லை. மை தொட்டு வைத்தால், தண்ணீரில் ஊறிய விரல் வெறும் கறையாக அப்பியது.

"இது பற்றாது சேச்சி. ஒப்பு போட்டா மதி," என்றார். கையெழுத்துக்கு இங்கே ஒப்பு என்றுதான் பெயர்; மதி என்றால் போதும்.

"அவளுக்கு எழுதத் தெரியாது மேடம். நான் கூடப்பிறந்தவ, எட்டாவது படிச்சிருக்கேன், நான் போடறேன்."

"நீங்க போடண்டா. வீடு அவங்களோடதல்லே?"

மணி மூன்று ஐம்பது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, எழுதிப் பழகு என்று கெஞ்சியிருப்பேன்! அங்கேயே அவளைத் திட்டத் தொடங்கினேன்.

அவள் பேசினைத் தலையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். சுமா மேடம் பதறி ஃபைல்களை நகர்த்தினார். ஷெட்டில் எல்லாப் பேசினும் ஒரே மாதிரி இருப்பதால், மாறாமலிருக்க நான்தான் அதில் சிவப்பு நகப்பாலிஷால் அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். எழுத்துகளை ஒருமுறை விரலால் தடவினாள். பிறகு பேனாவைப் பிடித்து, பேசினைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கீழ்வரி வரைக்கும் இறங்கியது.

"அது என்னடி வாலு?"

"பேசின்ல இருக்கேக்கா."

ஆமாம், பாலிஷ் வழிந்த இடம். சுமா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை நீட்டினார்.

அரிசி முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்குள் முதலில் போனது இறால் பேசின்தான். பதிவேட்டில் அந்த வாலுக்குப் பக்கத்தில் மேடம் எழுதிய தேதி: 26-5-2025.