சம்பந்தம் நிரப்பிய நாலு கட்டம்

பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தத்தின் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. சி.ஐ.டி. சம்பந்தம் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது அவர் தொழில், சந்தேகப்படுவது பொழுதுபோக்கு என்பார்கள். அது சரியில்லை. தொழிலுக்காவது அவர் ஞாயிற்றுக்கிழமை லீவு விடுவார்.

ஒரே டீக்கடையில் தொடர்ந்து இரண்டு நாள் டீ குடிக்க மாட்டார். தன் நடமாட்டத்தை யாரோ குறித்து வைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம். எதிரே வருகிறவன் வணக்கம் வைத்தால், நாலு வீடு தள்ளிப் போய் நின்று, இவன் எதற்கு வைத்தான் என்று திரும்பிப் பார்ப்பார். வேண்டாத டிசைன் தாள்களைக் குப்பையில் போட மாட்டார். அவர் மனைவி தையல்நாயகி அம்மாள் அதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்க வேண்டும். எரித்த பிறகு இவர் வந்து சாம்பலைக் கிளறிப் பார்ப்பார்.

காரணம் இல்லாமலும் இல்லை. தொண்ணூற்று நாலில் அவர் வரைந்த இரட்டை மயில் கரை ஒன்று, அவருடைய புடவை தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வேறொருவர் கடையில் தொங்கியது. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஒருவனைத் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பார். தெரியாததால் ஊர் முழுவதையும் சந்தேகப்படும்படி ஆயிற்று. அதிலும் எதிர் வரிசையில் டிசைன் ஆபீஸ் வைத்திருந்த தனசேகரன் மேல் சந்தேகம் கொஞ்சம் அதிகம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பு இருக்கிற தெருவுக்கே போகாது.

எனக்குக் கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. 2008இல் அவருக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்ததும், வை-ஃபை மோடம் மாட்டியதும் நான்தான்.

“காத்துலயே போவுதுன்னு சொல்ற. அப்போ தனசேகரன் மொட்டமாடில நின்னுக்கினு புடிச்சிக்க மாட்டானா?” என்று கேட்டார்.

பாஸ்வேர்ட் இருக்கிறது, வெளியாள் உள்ளே வர முடியாது என்று விளக்கினேன். என்னையும் தையல்நாயகி அம்மாளையும் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அதை அடித்தார். ‘வெல்கம்’ என்று வந்ததைப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறது என்று கேட்டார்.

அவரிடம் வேலை பார்த்தது கீர்த்தி என்ற பெண். வயது இருபத்து மூன்று, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். அவர் பென்சிலில் வரைந்ததை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பாள். அவள் அம்மா இந்திராணி தறி நெய்கிறவர். அப்பா இல்லை. சம்பந்தத்திடம் எந்த ஆளும் ஆறு மாதம் தாண்டியதில்லை, இவள் இரண்டு வருஷம் தாக்குப் பிடித்திருந்தாள். அதற்கே அவளுக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் போன் செய்தார். “தம்பி, இன்னாவோ நடந்திருக்குது. போன்ல சொல்ல முடியாது. வா.”

போனேன். சென்னைக் கடை ஒன்றுக்கு ஒரு முகூர்த்தப் புடவையின் டிசைனை அன்றைக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். லேப்டாப்பில் வை-ஃபை பிடித்திருந்தது. சிக்னல் கோடுகள் எல்லாம் பச்சையாக நின்றன. ஆனால் மெயிலும் போகவில்லை, ஒரு பக்கமும் திறக்கவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். பழைய கம்ப்யூட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தேன். அதில் இன்டர்நெட் ஜோராக வந்தது. அப்படியானால் லைனில் கோளாறு இல்லை, மோடத்திலும் இல்லை. லேப்டாப்பில்தான்.

விஷயம் இதுதான். மோடத்தோடு சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் வேண்டும். சத்திரத்தில் போய் இறங்கினால் மேனேஜர் ரூம் நம்பர் கொடுப்பதுபோல் அதை மோடமே கொடுத்துவிடும். ‘தானாக வாங்கிக்கொள்’ என்று செட்டிங்கில் இருந்தால் போதும். இந்த லேப்டாப்பில் அதை மாற்றி, எண்ணைக் கையால் அடித்து வைத்திருந்தார்கள். சத்திரத்துக்கு வந்தவன் இல்லாத ரூமுக்குச் சாவி கேட்டால் யார் கொடுப்பார்கள்? என் வழக்கப்படி அந்த எண்களைச் சர்வீஸ் நோட்டில் எழுதிக்கொண்டு, செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் இன்டர்நெட் வந்தது.

நான் அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே.

“யாரோ கையால நம்பர் போட்டிருக்காங்கண்ணா” என்றேன். “வேற ஆபீஸ்ல கொண்டுபோய் மாட்டினா இந்த மாதிரி போடுவாங்க.”

பெரிய நிபுணன் மாதிரி சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சம்பந்தம் கத்தவில்லை. நாற்காலியைக் கீர்த்தியின் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“திங்கக்கெழம நானும் என் சம்சாரமும் தாமல் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நீ மட்டும்தான் இங்க இருந்த. லேப்டாப்ப எங்க எடுத்துக்கினு போன?” என்று கீர்த்தியிடம் கேட்டார்.

“எங்கயும் போல சார். இங்கயேதான் வேல செஞ்சேன்.”

“எதிர் வீட்டுக்கா?”

கீர்த்தி என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, வேற எடத்துல மாட்டினாதான் இப்படி ஆகும்னு உங்களால கண்டிப்பா சொல்ல முடியுமா?”

முடியாது. ஆனால் சொன்ன சொல்லை அடுத்த நிமிஷமே முழுங்கினால் தொழில்காரனுக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன். “பெரும்பாலும் அப்படித்தாம்மா” என்றேன். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. டிசைன் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். டிசைன் திருடிய பெண் என்று பெயர் வந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் அவளை உட்கார வைக்க மாட்டார்கள். அவள் மூன்று இடத்தில் வேலை கேட்டாள். மூன்று இடத்திலும் ‘சொல்லி அனுப்புறோம்மா’ என்றார்கள்.

திங்கட்கிழமை இந்திராணி அம்மாள் என் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ வேலையாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“நீதானேப்பா சொன்ன, வேற ஆபீஸ்ல போட்டதுன்னு?”

“ஆமாம்மா.”

“அது எந்த ஆபீசு நம்பருன்னு பாத்து சொல்லு. நான் அங்கயே போயி கேக்குறேன். என் பொண்ணு அங்க வந்தாளான்னு அவங்களே சொல்லட்டும்.”

நியாயமான கேள்வி. இதை நான் புதன்கிழமையே கேட்டிருக்க வேண்டும். நோட்டை எடுத்துப் பிரித்தேன். முதல் வரிசையில் 120, 240, 60, 48. அடுத்த வரிசையை மெஷினே நிரப்பியிருந்தது, மற்ற வரிசைகளில் அதே எண்கள். ஆபீஸ்களில் போடுகிற எண்கள் எப்படித் தொடங்கும் என்று எனக்கு மனப்பாடம். இந்த ஊரில் எந்த ஆபீஸிலும் இப்படி ஒரு எண் இருக்க வழியில்லை. எழுதும்போது கை எழுதியதே தவிர, கண் பார்க்கவில்லை.

“இன்னா நம்பரு? படி” என்றார் இந்திராணி அம்மாள்.

“நூத்தி இருபது, இருநூத்தி நாப்பது, அறுவது, நாப்பத்தெட்டு.”

“இது இன்னாப்பா, கொக்கி கணக்காட்டம் இருக்குது?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தார். சம்பந்தத்தின் டிசைன் தாள் ஒவ்வொன்றிலும் தலைப்பில் வரிசையாக நாலு கட்டம் இருக்கும். தறியின் மேல் இழை தூக்குகிற ஜக்காடு பெட்டியில் கரைக்கு எத்தனை கொக்கி, முந்திக்கு எத்தனை, அங்குலத்துக்கு எத்தனை இழை, பூ எத்தனை வரி. தாளின் நகல் தறிக்கும் வரும். நாலில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு ஓட்டை போட்டு அட்டை அடிக்கிறவர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். கரைக்கு நூற்றிருபது, முந்திக்கு இருநூற்று நாற்பது என்பது இந்திராணி அம்மாளின் தறியிலேயே ஓடியிருக்கிறது. என் மேஜைக்கு மேலே கம்ப்யூட்டர் படித்த சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அந்த எண்களைப் படித்தது தறி நெய்கிற அம்மாள்.

நேரே சம்பந்தம் வீட்டுக்குப் போனேன். இந்த எண்களை யார் போட்டது என்று நோட்டைக் காட்டிக் கேட்டேன்.

“நான்தான் போட்டேன்” என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

“எப்போ?”

“செவ்வாக்கெழம ராத்திரி கரெண்டு போயிட்டு வந்தப்புறம் வை-ஃபை கெடைக்கல. அதையும் இதையும் அமுக்கினேன். ‘தானா வாங்கிக்கோ’ன்னு ஒண்ணு இருந்துது. யார்கிட்டேருந்து வாங்கும், இன்னாத்த வாங்கும்? நமக்கு ஆவாதுன்னு அத எடுத்துட்டேன். கீழ நாலு நாலா கட்டம் காலியா இருந்துது. காலியா வுடலாமா? அந்த மொகூர்த்தப் பொடவ கணக்க எழுதிட்டேன்.”

“அதனாலதான் இன்டர்நெட் நின்னுபோச்சு. அதத்தான் நான் யாரோ போட்டிருக்காங்கன்னு சொன்னேன்.”

“நீ யாரோன்னுதானே சொன்ன? நம்ம கணக்குன்னு சொல்லலியே” என்றார்.

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த தையல்நாயகி அம்மாள் கேட்டார். “அப்போ அந்தப் பொண்ணு?”

சம்பந்தம் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “உன்ன இந்திராணி அனுப்பிச்சாளா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். அதற்குள் தையல்நாயகி அம்மாள் அவர் சட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “போட்டுக்கினு கெளம்புங்க” என்றார்.

கீர்த்தியின் வீட்டில் அவர் உட்காரவில்லை. தப்பு நடந்துபோச்சு, நாளைக்கு வேலைக்கு வாம்மா என்றார். நானும், என் வாயால் வந்த வினை, மன்னிச்சிடும்மா என்றேன். கீர்த்தி அழுதிருந்த கண்ணோடு நிதானமாகப் பேசினாள். “எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? யார்கிட்டல்லாம் சொன்னீங்களோ அவங்ககிட்ட போயி சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்.”

முதலில் போக வேண்டியது தனசேகரன் ஆபீஸ். பதினாலு வருஷமாகச் சம்பந்தம் அந்தப் படி ஏறியதில்லை. உள்ளே இன்னும் மூன்று டிசைன்காரர்கள் இருந்தார்கள். நானும் அவர் பின்னாலேயே போய் நின்றேன்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அது மெஷின் கோளாறு” என்றார் சம்பந்தம்.

தனசேகரன் சிரித்தார். “இங்க வரலன்னு எனக்குத் தெரியும், வேற எங்கயும் போலன்னு யாரு கண்டா? மெஷின் கோளாறுன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே. இன்னா சம்பந்தம், பொண்ணு வீட்ல வந்து மெரட்டினாங்களா? இல்ல, அவங்களுக்காக எங்கிட்ட தூது வந்தியா?”

மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் இருந்ததை நான் தினமும் சம்பந்தத்தின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்தது போதும்.

“மெஷின் இல்ல, நான்தான்” என்றார் அவர். காலி கட்டத்தைப் பார்த்தது, கொக்கிக் கணக்கை எழுதியது, திங்கட்கிழமை நடக்காத ஒன்றை நடந்ததாக நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

நாலு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ‘கம்ப்யூட்டருக்கே கொக்கி கணக்கு எழுதிட்டாம்பா’ என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், நானா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன் என்றார். அந்தச் சிரிப்பில்தான் கீர்த்தியின் பெயர் சுத்தமாயிற்று. அரை உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள், அவர் மானத்தை விட்டுச் சொன்னதும் நம்பினார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் தனசேகரன் கேட்டார். “அப்போ ரெண்டு வருஷம் உங்கிட்டயே தாக்குப் புடிச்ச பொண்ணு அது. எனக்கு ஆள் வேணும். நான் கூப்புட்டுக்கட்டுமா?”

சம்பந்தம் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

அன்று மாலையே இரண்டு பேரும் கீர்த்தியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் சம்பந்தத்திடம் மரியாதையாகத்தான் சொன்னாள். “நாளைக்கு உங்க வீட்ல கரெண்டு போனாலும் நான்தான் பதில் சொல்லணும் சார். என்னால முடியாது.” வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அவள் எதிர் வரிசையில் சேர்ந்தாள். தன் டிசைன் எந்த வீட்டுக்குப் போய்விடுமோ என்று அவர் பயந்தாரோ, அதே வீட்டுக்கு அவளை அவரே அனுப்பி வைத்திருந்தார்.

அதன்பின் தனசேகரன் ஆபீஸிலிருந்து எந்தப் புதுப் புடவை வந்தாலும் சம்பந்தம் எப்படியாவது ஒன்றைப் பார்த்துவிடுவார். ஏழெட்டு மாதம் கழித்து நான் சம்பந்தம் வீட்டுக்குப் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். தையல்நாயகி அம்மாளின் தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை ஒன்று கட்டிலில் விரித்திருந்தது. தனசேகரன் ஆபீஸ் டிசைன், கீர்த்தி போட்டது. சம்பந்தம் இழை எண்ணுகிற லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கரையிலிருந்து முந்திவரை விரல் விரலாகப் போய்க்கொண்டிருந்தார். காப்பி ஆறிவிட்டது.

“எங்கூட்டுப் பூ ஒண்ணுகூட இல்ல தம்பி” என்றார் கடைசியில்.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது. முந்தியில் தாமரை இலையும் தண்ணீர்ப் பாம்பும் பின்னிக்கொண்டு ஓடின. அப்படி ஒன்றை இந்த ஊரில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

“எல்லாம் அதுவா போட்டது. என்னைவிட நல்லா போட்டிருக்குது. ரெண்டு வருஷம் எங்கிட்ட இருந்துதே, இதுல ஒண்ணாவது எனக்குப் போட்டுக் காமிச்சிருக்கலாம் இல்ல?”

தையல்நாயகி அம்மாள் புடவையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தார்.

“காமிச்சிருந்தா, எங்கேருந்து திருடினன்னு கேட்டிருப்பீங்க.”