காப்பீட்டுப் படிவத்தில் நான் மறைத்த வியாதி

இதைச் சபையில் உங்கள் முன் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்த நன்மையை மறைத்தால் அது இன்னொரு பாவமாகிவிடும்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் இறந்தபின் சார்ஜாவில் மகள் பிரியா வீட்டில் இருக்கிறேன். அவர் இறந்த வருடமே எனக்கு மனச்சோர்வு வந்தது. ஊரில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தினமும் ஒன்று. அது என் மகளுக்குக்கூடத் தெரியாது.

இங்கே வந்ததும் மருமகன் எனக்கு மருத்துவக் காப்பீட்டுப் படிவம் நிரப்பினார். மனநோய்க்குச் சிகிச்சை உண்டா என்று ஒரு கேள்வி. "உங்களுக்கு அதெல்லாம் ஏது அத்தை?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ‘இல்லை’ என்று குறித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. நம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஸ்டெல்லா என்று ஒரு சகோதரி இருந்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கர்ப்பம் கலைந்தபின் மனசு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், எனக்காக ஜெபியுங்கள் என்று ஒரு நாள் அழுதாள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "ஜெபிக்கிறவளுக்கு இந்த மாத்திரை எதுக்கும்மா?" அப்போது என் கைப்பையில் என் மாத்திரை இருந்தது. அதற்குப்பின் ஸ்டெல்லா கூட்டத்துக்கு வரவில்லை.

போன வருடம் என் ஊர்ப் பயணம் தள்ளிப்போனது. கொண்டுவந்த மாத்திரை தீர்ந்தது. இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சீட்டு கேட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். சும்மா இருந்துவிட்டேன். நான்காம் நாள் தலை கிறுகிறுத்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. ஒரு காலையில் குளியலறையில் விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் பிரியா நின்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். என்னவோ ஏதோ என்று என் பிள்ளை பயந்து அழுதாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அதுவரை, இந்த வியாதியை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடும் ஆண்டவரே என்றே ஜெபித்தேன். அன்று கட்டிலில் சாய்ந்தபடி முதல்முறையாக வேறு மாதிரி ஜெபித்தேன். "என் வாயைத் திறந்துவிடும். சொல்ல ஒரு ஆளைத் தாரும்."

அந்த வாரம் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விவரம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று பிரியா சபை வாட்ஸப் குழுவில் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை மணி அடித்தது. வாசலில் ஸ்டெல்லா.

கர்த்தரே, இவளையா அனுப்பினீர் என்று எனக்குக் கூசியது.

பிரியா டீ போடப் போனாள். ஸ்டெல்லா பழைய படிவத்தைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு இருக்கு. இந்த வருஷமும் அப்படியேதானா?"

சொல்லிவிட்டேன். மாத்திரையின் பெயரையும் சொன்னேன்.

அவள் படிவத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்குக் கூட்டத்துக்கும் அதப் போட்டுட்டுத்தான் வந்தீங்களா?"

"ஆமாம்மா. காலைலயே போட்டுட்டுத்தான் வந்தேன். என்ன மன்னிச்சிரு."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "மொதல்ல இதை உள்ளபடி எழுதுவோம் ஆண்ட்டி. மறைச்சது பின்னால தெரிஞ்சா, அவசரத்துக்கு நிக்கும்போது கம்பெனி கைய விரிச்சிருவாங்க."

டீயோடு வந்த பிரியாவிடமும் நானே சொன்னேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கட்டிக்கொண்டாள்.

மருமகன் பார்த்து வைத்திருந்த திட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனால் மனநலச் சிகிச்சை சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை ஸ்டெல்லா காட்டினாள். ஆஸ்பத்திரிகள் குறைவாக இருந்தாலும் என் சிகிச்சை சேர்ந்த இன்னொன்றை வரி வரியாக வாசித்து விளக்கினாள். கம்பெனி ஒத்துக்கொள்ளுமோ என்று பயந்தோம். ஒத்துக்கொண்டார்கள். இந்த வியாதிக்கு மட்டும் சில மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அதுவரை நாங்களே செலவு செய்து டாக்டரைப் பார்த்தோம். இன்று ஒளிக்காமல், சாப்பாட்டு மேசையில் வைத்தே மாத்திரை சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். ஜெபமும் செய்கிறேன்.

ஸ்டெல்லா இன்னும் நம் கூட்டத்துக்குத் திரும்பவில்லை. அது என்னால் வந்தது. அவள் கேட்ட அந்த ஜெபத்தை அன்று நான் செய்யவில்லை. இப்போது தினமும் செய்கிறேன். என்மேல் இரங்கிய தேவனுக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது என்னைப்போல் எதையாவது மறைத்து வைத்திருந்தால் கர்த்தரிடம் சொல்லுங்கள். அவர் நிச்சயம் ஆள் அனுப்புவார். வேறு யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள். டாக்டரிடம் போகும்போது நானும் கூட வருகிறேன்.