மச்சானின் புலியும் எங்களுக்கு விழுந்த அஞ்சும்

மெல்பேர்ணில் கணக்காளராக இருக்கும் என் மச்சான் பரமநாதன் ஆயுதம் தூக்கிவிட்டான் என்று நான் ஒன்பது நாட்கள் நம்பினேன்.

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு நேரம் கிடைக்காது.

பரமநாதன் என் மனைவியின் தம்பி. வயது நாற்பத்தொன்று. கரப்பொத்தானைக் கண்டால் கதிரையில் ஏறி நின்று அக்காவைக் கூப்பிடுகிறவன். அவனுடைய சேர்ட்டின் கடைசிப் பொத்தான் பூட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை, வயிறு விடாது. அவனை எந்த இயக்கம் சேர்க்கும்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். ஆனால் யோசித்து நடக்கிற ஆள் என்றால், எனக்கு வாராவாரம் இந்தப் பத்திக்கு விஷயம் எங்கிருந்து வரும்?

அவன் எழுதிய கடிதத்தை அப்படியே தருகிறேன். நீங்களே சொல்லுங்கள்.

"அன்புள்ள அத்தானுக்கு, நாங்கள் சுகம். போன சனிக்கிழமை பொம்பர் வந்து எங்களைத் துவைச்சுக் காயப்போட்டுட்டுது. எங்கட ஆக்கள் மூண்டு பேருக்குக் காயம். ஒருத்தனுக்குத் தோள்மூட்டு விலகீட்டுது. அதுக்கு முதல் கிழமை சிங்கத்தை அவங்கட இடத்துக்கே போய் அடிச்சனாங்கள். வாறகிழமை பூனையள். விடமாட்டம். பருந்துகளை மட்டும் நம்பேலாது. நான் இப்ப புலியில மெம்பர். உங்களுக்கும் ஒரு கார்ட் எடுத்து வைச்சிருக்கிறன், அடுத்த தபாலில வரும். மற்றது, அக்காவின்ர அலுவல் என்ன மாதிரி?"

இது 1986. வாசிக்கிறவன் யாழ்ப்பாணத்தான். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னும் அங்கே. தலைக்கு மேலே குண்டு போடுகிற பொம்பர் சுற்றினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவன். அவனுக்குப் புலி, சிங்கம், பொம்பர் மூன்றையும் ஒரே நீலக் கடிதத்தில் மடித்து அனுப்பினால் அவன் என்ன செய்வான்?

நான் கதவைப் பூட்டினேன். ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். பிறகு கடிதத்தை ஒளித்து வைத்தேன். எங்கே? மனைவியின் கடிதங்களுக்கு நடுவில். எல்லாம் ஒரே நீலம், ஒரே மடிப்பு. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உண்மைதான். என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை!

விஷயம் இதுதான். எனக்கு டென்மார்க்கில் தங்க அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைத்தால்தான் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். இரண்டாவது விசாரணைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பே, ஊர் நிலைமை பற்றி வீட்டுக் கடிதம் இருந்தால் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுக்கும்படி பொலிஸ் அலுவலகத்தில் சொன்னார்கள். இருந்தது. வீட்டின் பின்மதிலில் ஷெல் விழுந்ததையும், பிள்ளைகள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுப்பதையும் மனைவி நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை எஸ்-ரயில் ஏறிப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். நிம்மதியாக ஹ்விடோவ்ரேயில் எங்களைத் தங்கவைத்திருக்கும் விடுதிக்குத் திரும்பி, பெட்டியைத் திறந்தேன்.

மேலே மனைவியின் கடிதம் இருந்தது. நாலு பக்கமும்.

அப்படியானால் பொலிஸின் கையில்...?

கட்டிலில் இருந்தேன். எழுந்தேன். மறுபடி இருந்தேன். முதல் விசாரணையில் நான் சொன்னது என்ன? "எனக்கு எந்த இயக்கத்தோடும் தொடர்பில்லை." சத்தியமான வார்த்தை. இப்போது அவர்களுடைய ஃபைலில் என்ன இருக்கிறது? "உங்களுக்கும் ஒரு கார்ட் எடுத்து வைச்சிருக்கிறன்."

அறைத் தோழர் செபமாலையிடம் ஓடினேன். மன்னார்க்காரர், என்னைவிட ஆறு வயது இளமை, ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குப் பந்தடித்தவர். முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். கடிதம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். பயந்தவனுக்கு ஞாபகசக்தி அபாரம்.

செபமாலை அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அண்ணை, பூனையளோ?"

"ஓம், பூனையள்தான். விடமாட்டமாம்."

"பூனைக்கு எந்த நாட்டில அண்ணை இயக்கம் இருக்கு?"

எனக்குத் தெரிந்த இயக்கங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"உது பந்தடி! என்ர பெரியம்மாட மகன் மெல்பேர்ணிலதான் இருக்கிறான். அவன் பருந்துக்காரன். அவங்கட ரீம் எல்லாத்துக்கும் உப்பிடித்தான் பட்டப்பேர். சிங்கம், புலி, பூனை, பொம்பர், பிசாசு எண்டும் ஒண்டு இருக்குதாம்."

"பந்தடியில தோள்மூட்டு விலகுமோ?"

"அது எங்கட பந்தடி இல்லை, அண்ணை. பந்து முட்டை மாதிரி." பொரித்த முட்டையைக் காட்டினார், உதவவில்லை. "கையாலயும் பிடிக்கலாம். ஆளையும் பிடிச்சு விழுத்தலாம். ரீமுக்குப் பதினெட்டுப் பேர். வெள்ளைக் கோட்டுப் போட்டு டாக்குத்தர் மாதிரி ஒருத்தர் கோலடியில நிண்டு கொடி ஆட்டுவார். கோலுக்கு ஆறு புள்ளி. கோல் தவறிப் பக்கத்தால போனாலும் ஒரு புள்ளி."

"தவறினாலும் குடுப்பாங்களோ?"

"ஓம். நல்ல சனம்."

எனக்கு வந்த நிம்மதி சரியாக அந்த முட்டை ஆறும் வரை நீடித்தது. பிறகு அடுத்த பயம் வந்து கதவைத் தட்டியது. எனக்கு விளங்கிவிட்டது, சரி. பொலிஸுக்கு யார் விளக்குவது? கடிதத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். பந்து என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை! அது ஏன் என்று நினைக்கிறீர்கள்? ரசிகன் என்கிற பிறவி பந்தைப் பற்றிப் பேசாது. "நாங்கள்" என்றுதான் பேசும். நாங்கள் அடித்தோம். எங்களுக்குக் காயம். பரமநாதனுக்குக் காயம் என்றால் கடலைக்கொட்டை உடைத்ததில் நகம் பிளந்திருக்கலாம். ஆனாலும் "எங்கட ஆக்கள்"!

"போய்க் கேட்டு வாங்குங்கோவன்," என்றார் செபமாலை.

"ஏன் வேணும் எண்டு கேட்டா?"

"பிழையான கடிதம் எண்டு சொல்லுங்கோ."

"என்ன பிழை எண்டு கேட்டா?"

செபமாலை முட்டையைச் சாப்பிடப் போய்விட்டார்.

இன்னொரு பயமும் இருந்தது. விசாரணைக்கு வரும் 'தொல்க்', அதாவது மொழிபெயர்ப்பாளர், மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். ஆனால் எங்கள் தமிழ் அவருக்குப் பாதி வழியில் இறங்கிவிடும். முதல் விசாரணையில், "புறப்பட முதல் மனிசியோட கதைச்சனான்" என்றேன், அதாவது பேசினேன். அவர் அதை, நான் மனைவியுடன் சேர்ந்து ஒரு கதை தயாரித்ததாக மொழிபெயர்த்துவிட்டார்! அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போனது. அவர் கையில் "துவைச்சுக் காயப்போட்டுட்டுது" அகப்பட்டால்? பொம்பர் விமானத்தில் சலவைக்காரர்கள் வந்து இறங்கினார்கள் என்று எழுதுவாரோ?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. மெக்சிக்கோவில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. விடுதி மண்டபத்தில் எங்களுக்கும் காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். டென்மார்க் அணியைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு, கேட்காமலே எல்லாருக்கும் சொல்வேன்: முன்வாசலால் ஓடுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை, பின்வாசலைப் பூட்ட மறந்துவிடுவார்கள். உருகுவேக்கு ஆறு கோல் அடித்த அன்று எல்லாரும் துள்ளினார்கள். நான் மட்டும் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். ஆறு அடிக்கிற வீட்டில் ஆறு விழவும் இடம் இருக்குமே! ஸ்கொட்லாந்தை வென்றோம், மேற்கு ஜேர்மனியை வென்றோம். ஒவ்வொரு வெற்றிக்கும் எனக்குப் பயம் ஒரு படி ஏறியது. புதன்கிழமை ஸ்பெயினுடன் ஆட்டம். நான் பார்க்கவில்லை. மறுநாள் விசாரணை இருக்கிறவனுக்கு ஆட்டமா? போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன்.

காலையில் செபமாலையை எழுப்பினேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒண்டும் கேளாதேங்கோ, அண்ணை."

இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

எஸ்-ரயிலில் ஒருவரும் பேசவில்லை. டேனிஷ்காரர்கள் எப்போதும் ரயிலில் பேசமாட்டார்கள்தான். ஆனால் அன்றைய மௌனம் வேறு ஜாதி. பொலிஸ் அலுவலக வாசலில் இருந்த பெண் வழக்கமாகச் சிரிப்பவள். அன்று சிரிக்கவில்லை. என் கடதாசியைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், கையால் உள்ளே காட்டினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது!

உள்ளே விசாரணை அதிகாரி. கண்கள் சிவந்திருந்தன. முகம் தொங்கிப்போயிருந்தது. இரவு முழுக்க என் ஃபைலை வாசித்திருக்கிறார், வேறென்ன? பக்கத்தில் மதுரைத் தொல்க், அவரும் தலைகுனிந்து.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். தொல்க் சொன்னார்: "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா சார்?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. முதல் விசாரணையிலும் கேட்டார்கள். அன்று "இல்லை" என்றேன். இன்று?

அணை உடைந்தது.

"ஐயா, அந்தப் புலி உந்தப் புலி இல்லை! பொம்பரும் பொம்பர் இல்லை. சிங்கத்தை அடிச்சது நான் இல்லை, என்ர மச்சானும் இல்லை. அவன் கரப்பொத்தானுக்கும் பயம். கார்ட் இன்னும் வரேல்லை, வந்தாலும் நான் திருப்பி அனுப்பிப்போடுவன்..."

தொல்க்கின் பேனா அந்தரத்தில் நின்றது.

"சார்... சார்... எந்தப் புலி?"

"கடிதத்தில இருக்கிற புலி!"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். கடிதத்தை எடுத்தார். திங்கட்கிழமை நான் கொடுத்தபோது குத்திய கிளிப் அப்படியே இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இதை இன்னும் நாங்க படிக்கவே இல்லையே, சார்," என்றார் தொல்க்.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன் அப்போது எப்படி இருந்திருப்பேன் என்று நான் எழுதமாட்டேன். இந்தப் பத்தியை என் பிள்ளைகள் ஒருநாள் வாசிக்கக்கூடும்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தொல்க் கடிதத்தைப் பிரித்து வாசித்தார். வாசிக்க வாசிக்கப் புருவம் ஏறியது. "இது என்ன சார்?" என்றார்.

"ஃபுட்போல்," என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். கையை உயர்த்தி ஏதோ சொன்னார்.

"இன்னிக்கு அந்தப் பேச்சு வேண்டாம்ங்கறார்," என்றார் தொல்க். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "நேத்து மேட்ச் பாக்கலையா? ஸ்பெயின்கிட்ட அஞ்சுக்கு ஒண்ணு. அவுட்."

"ஐயோ, எங்களுக்கு அஞ்சு விழுந்ததோ!"

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. ஆனால் தொல்க்கின் தொழில் என்ன? அறையில் எது பேசப்பட்டாலும் மொழிபெயர்ப்பது. மொழிபெயர்த்தார்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்கிறவன் வெளியே; 'நாம்' என்றால் அவனும் உள்ளே. டேனிஷில் அந்த வேலி இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்: 'வி'. அந்தச் சொல் தொல்க்கின் வாயிலிருந்து வந்தபோது அதிகாரி கண்ணைத் திறந்தார். தங்க அனுமதி கேட்டு மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னைப் பார்த்தார்.

"யா," என்றார். "வி." ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

நானும் தலையைத் தொங்கப்போட்டேன். நடிப்பில்லை. பின்வாசல் பற்றிய என் எச்சரிக்கையை ஒருவரும் கேட்கவில்லையே என்ற கவலை எனக்கு உண்மையிலேயே இருந்தது.

பிறகு அவராகவே, புலியின் விளையாட்டு என்ன என்று கேட்டார். செபமாலை சொன்னதையெல்லாம் சொன்னேன். முட்டைப் பந்து, வெள்ளைக் கோட்டு, பதினெட்டுப் பேர். கோல் தவறினாலும் ஒரு புள்ளி என்றதும் நிறுத்தச் சொன்னார். தொல்க்கை மறுபடி கேட்க வைத்தார்.

"தவறினாலுமா?"

"ஓம், தவறினாலும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய ஆட்டத்தை அந்தச் சட்டப்படி கூட்டிப் பார்த்திருப்பார் போல. நானும் என் பங்குக்குக் கூட்டிப் பார்த்தேன்: பிழையான கடிதத்தைக் கொடுத்தேன், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன், போகாத சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். ஆறு கிடைக்காது. பக்கத்தால் போனதற்கு ஒன்று கிடைக்குமா?

சேர்ட் பையிலிருந்து மனைவியின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். தொல்க் அதை வாசித்தபோது இந்த முறை ஒரு சொல்லும் இடறவில்லை. அவருக்குத் தெரியாத சொல் வந்த இடத்தில் நின்று என்னிடம் கேட்டார். ஷெல் விழுந்த இடத்தில் மட்டும் கேட்காமலே நின்றார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். மூன்று மணி நேரம். பந்தடிப் பேச்சு பிறகு வரவில்லை.

முடிவு தபாலில் வருமாம். எப்போது என்று சொல்லமாட்டார்கள். நேற்று வந்த தபால் பரமநாதனுடையது: மெம்பர் கார்டும், மஞ்சள் கறுப்பு மஃப்ளரும். புலி பூனையிடமும் தோற்றுவிட்டதாம்.

விசாரணையன்று கையெழுத்து வைக்க முதல், அதிகாரி எழுதியதைத் தொல்க் எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "கடிதங்கள் இரண்டு. ஒன்று மனைவி எழுதியது, ஃபைலில் சேர்க்கப்பட்டது. மற்றது விளையாட்டைப் பற்றியது, திருப்பிக் கொடுக்கப்பட்டது."