வீட்டு நிலைப்படி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளில், அம்மா இரண்டாம் முறை விழுந்ததும் வீட்டு நிலைப்படியில்தான். முழங்கால் வலியில் காலைத் தூக்கவே முடியாது. ஆனாலும் அரையடி உயரப் படியை மிதிக்காமல் தாண்டித்தான் போவாள். அதில் லட்சுமி இருக்கிறாளாம்.

"அந்தப் படிய அறுத்து எறிஞ்சிருதேன்!" என்று கத்தினேன்.

"நிலைல வாள வச்சா குடும்பம் வெளங்குமாலே?" என்று கட்டிலில் கிடந்தபடி அழுதாள்.

இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கவே மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயத்தில் எனக்கு உறக்கமில்லை. ஆசாரியைக் கூட்டிவந்து, படிக்கு இருபுறமும் அதே உயரத்துக்குச் சரிவாகப் பலகை அடித்தேன். பலகையில் ஏறினால், படியை மிதிக்காமல் ஓர் எட்டில் கடந்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தேன். படியோடு சேர்த்து இரண்டு பலகைக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள்.

"நீ நடக்கத்தானம்மா அத அடிச்சேன்!"

"படியோட சேந்துட்டுல்லா? இனி அத எப்படிலே மிதிக்க?"

சொல்லிக்கொண்டே, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மூன்றையும் சேர்த்துத் தாண்டக் காலை எடுத்தாள்.