ஸ்டெல்லா பிரித்துக் கொடுத்த வைஃபை

ஸ்டெல்லா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்ட செய்தி போன வாரம் எங்கள் ஸ்கேன் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று முதலில் எழுதியவர் மேனேஜர். அவளை வேலையைவிட்டு அனுப்பியவரே அவர்தான். அவளை அறிந்தவர்களுக்காக, குழுவில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

சிதம்பரத்து சென்டரில் நான் ரிசப்ஷன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் ஸ்டெல்லா. சேர்ந்த முதல் வாரமே, என் மேஜைமேல் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டைக் காட்டினாள். "ஸ்டாஃபுக்கும் வெளியாளுக்கும் இது ஒண்ணேதானா? வர்றவங்களுக்கு சேர் போடுங்க, தண்ணி குடுங்க. பீரோவ ஏன்க்கா தொறந்து வைக்கிறீங்க?"

நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் பூட்டில்லாத ஒரே ஃபோல்டரில் கிடந்தன. வைஃபையில் நுழைந்தவர் யாரும் பார்க்கலாம். வெளியாட்களுக்குத் தனி இணைப்பு வேண்டும் என்று மூன்று முறை கடிதம் எழுதினாள். மேனேஜர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். "நம்ம ஊர்ல எவம்மா இதெல்லாம் பாக்கப்போறான்? ஜாஸ்தி படிச்சா இப்பிடித்தான்."

ஒருவன் பார்த்தான். காத்திருப்பு ஹாலில் உட்கார்ந்தபடியே, தன் ஊர்ப் பெண்ணொருத்தியின் கர்ப்ப ஸ்கேனைப் போனில் திறந்து, ஊருக்கே அனுப்பினான். கல்யாணமாகாத பெண். மறுநாள் அவளுடைய அம்மா வந்து என் மேஜைமுன் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

'தவறு என்னுடையதே' என்று எழுதிய காகிதத்தைக் கையெழுத்துப் போடச்சொல்லி அன்று மதியமே ஸ்டெல்லாவிடம் நீட்டினார்கள்.

"நான் குடுத்த மூணு லெட்டரும் எங்க சார்?"

"எந்த லெட்டரு?" என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். மூன்றையும் அவர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. "அப்ப நாளைலேர்ந்து வரவேணாம்" என்றார் மேனேஜர். என்னைத் திட்டவுமில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஊழியர்களுக்கு ஒன்று, வந்துபோகிறவர்களுக்கு ஒன்று என இணைப்பைப் பிரித்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "இவ்ளோதான்க்கா வேல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கடலூரில் அடக்கத்துக்குப் போனேன். மேனேஜர் பெரிய மலர்வளையத்தோடு போட்டோவுக்கு நின்றார். அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் ஒதுங்கிய என் கையை ஸ்டெல்லாவின் அம்மா பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான ரிசப்ஷன் அக்கா? உங்களப் பத்தி சொல்லுவா. அவுங்க பயந்தவங்கம்மா, பாவம்னு."

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் 'பாவம்' ஒன்றுதான். அவள் இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பாள். என் காதில் அது அப்படி விழவில்லை.