அவள் எப்போது சாப்பிட்டாள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். சிரமம் பார்க்காமல் படியுங்கள்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் சுரங்கத்துக்குள் இருக்கும்வரை பெண்டாட்டி சாப்பிட மாட்டாள். சாப்பிட்டால் கீழே பாறை வெடிக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் குழாயடிக்கு வருகிறவளை மற்றவர்கள் பார்க்கும் பார்வையே போதும். காலை ஷிப்டு என்றால் விடியுமுன் நான் கிளம்பிவிடுவேன். ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டில் மேலே வந்து, வீடு சேர மூன்று மணியாகிவிடும். அதுவரை என் மனைவிக்கு வெறும் டீதான்.

அவளுக்கு வயிற்றில் புண் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்த வாந்தியில் கொண்டுபோய் விடும் என்றார் டாக்டர். நான் ஒரு தடவை அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க பூமிக்குள்ள இருக்கசொல்ல எனக்குச் சோறு எறங்குமா?” என்றாள்.

உடம்பு அலுத்துக் கிடந்தது, போய்ப் படுத்துவிட்டேன்.

அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த மகள், படிப்பகத்திலிருந்து நூறு வருஷத்துக்கு முந்திய நாவல்களாக எடுத்து வருவாள். அவள் அம்மா உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். மகள் உரக்கப் படிப்பாள். ஷிப்டு முடிந்து வந்த நான் சுவரில் சாய்ந்து கேட்பேன். எந்தக் கதையை எடுத்தாலும் பெண் அழுகிறாள், அடிபடுகிறாள், பொறுத்துப் போகிறாள். எழுதியவர் நடுவில் வந்து அவளைப் புகழ்ந்து, மற்ற பெண்களுக்குப் புத்தி சொல்கிறார். கேட்கக் கேட்கச் சலிப்பாக இருக்கும்.

ஒரு கதையில் கணவன் தாசி வீடே கதியென்று கிடக்கிறான். மனைவி இலை போட்டு வைத்துக் காத்திருக்கிறாள். என்றைக்கோ வருகிறான். முகம் சுளிக்காமல் பரிமாறுகிறாள். உத்தமி என்கிறார் எழுதியவர்.

ஊதுபத்தி உருட்டிய என் மனைவியின் கை நின்றது. “அவ எப்ப துன்னா?”

மகள் கடைசிவரை பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். “எழுதவே இல்லம்மா.”

“பொஸ்தகம் பூரா பட்டினியா? எழுதுன மகராசன் மட்டும் மூணு வேளையும் துன்னுட்டுதான் எழுதியிருப்பான்.”

மகள் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

“நான் துன்னுட்டேன்,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?”

“ஆவல,” என்றேன்.

அதற்கடுத்த நாள் கேஜ் கீழே இறங்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் அவளுடைய பட்டினியை நம்பித்தான் நானும் இறங்கியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி டீயோடு நிறுத்திக்கொள்வாள்.

குழாயடியில் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். புண் முழுதும் ஆறவில்லை. ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். இப்போதும் உள்ளே தட்டுச் சத்தம் கேட்கிறது. எனக்கு இன்னும் பசிக்கவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

12 ஆகஸ்ட் 2001, ஞாயிறு.