அதேதான் அண்ணன் வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘அதேதான்’ அண்ணன். சீட்டில் எழுதிய மாத்திரை இல்லையென்றால் அவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். அலமாரிக்குள் கையை விட்டு வேறொரு அட்டையை எடுத்து, “அதேதான். கம்பெனி மட்டும் வேற” என்பார். இருபத்திரண்டு வருடமாக அதற்கு மறுபேச்சு கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தொரு வயதில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் அவருடைய மகள். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன் செய்தால் “சாப்டியா?”, “சாப்டேன்” என்பதற்கு மேல் பேச்சு நகராது. அந்த மகள் ஒருநாள் தானாகவே கூப்பிட்டாள்.

“அப்பா, எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேட்ச். நீங்க கோட்டைப் பின்வாசலைக் காத்தா போதும். வர்றீங்களா?”

அன்று இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம் அண்ணன் மகளைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். இருமல் தானாகவே நின்றுவிட்டது.

குறைந்த செலவில் முடிகிற மாதிரி மகளே பட்டியல் அனுப்பினாள். ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், யாரோ ஆடிவிட்டு விற்ற பழைய கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரி மட்டும் மிரட்டலாக இருந்தது: “பவர் சப்ளை, நான் எழுதின கம்பெனிதான். எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கிறதே அதுதான். அதுல மட்டும் கை வைக்காதீங்கப்பா.”

கம்ப்யூட்டர் கடைக்காரர் பதினோரு வருடமாக அண்ணனிடம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். அந்தப் பாசத்தில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தது. கடைசி வரியில் தலையைச் சொறிந்தார்.

“இந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லண்ணே. வர பத்து நாள் ஆகும்.”

“சனிக்கிழமை மேட்ச் இருக்கே தம்பி!”

கடைக்காரர் மேல்தட்டில் கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்தார். “அது ஐந்நூறு வாட். இதுவும் ஐந்நூறு வாட். அதேதாண்ணே. கம்பெனி மட்டும் வேற.”

இந்த வாக்கியத்தை மறுக்கும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கிடையாது. அவர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். காலி பிஸ்கட் டப்பாவின் கனம்.

“லேசா இருக்கே?”

“தூக்கிட்டுப் போக வசதிண்ணே.”

சனிக்கிழமை ஆறு மணிக்கு அண்ணன் ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்தார். “அடுப்புல வச்ச பாலைப் பார்த்துக்கத் துப்பில்ல, கோட்டையைக் காக்கப் போறாராம்” என்றாள் மனைவி. ஆனால் அவர் காத்தார். பின்வாசலில் நுழைந்த இரண்டு பேரை அவரே சாய்த்தார். “சூப்பர்ப்பா!” என்று மகள் கத்தியது காதில் தேனாகப் பாய்ந்தது. அப்படி அவள் கத்தி எத்தனை வருடம்!

பிறகு எதிரிகள் கும்பலாக வந்தார்கள். கிராபிக்ஸ் கார்டு கூடுதல் கரண்ட் கேட்டது. மேசைக்கு அடியில் ‘டப்’பென்று ஒரு சத்தம், கருகிய வாடை, இருட்டுத் திரை. உடனே போன் அடித்தது.

“அப்பா! வாசல்ல நிக்கச் சொன்னா எங்க போனீங்க? தோத்துட்டோம்!”

மறுநாள் காலை அண்ணன் கருகிய பெட்டியோடு கடையில் நின்றார். “ஐந்நூறுன்னு எழுதியிருக்கே தம்பி!”

“எழுதியிருக்குண்ணே. நான் உள்ளே போயா பார்த்தேன்? நீங்க கொடுக்கிற மாத்திரையை நான் பிரிச்சா பார்க்கிறேன்?”

“என் மாத்திரையில எழுதினது உள்ளே இருக்குய்யா! பதினோரு வருஷமா உன் பிரஷரை இறக்கிவிட்டவன்கிட்டயா இந்த வேலை?” அண்ணன் கருகிய பெட்டியை மேசைமேல் வைத்தார். கடைக்காரர் குனிந்து அசல் பெட்டிக்கு ஆர்டர் எழுதினார்.

பத்தாம் நாள் அது வந்தது. நல்ல கனம். அடுத்த சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

“அய்யோ, சொல்ல மறந்துட்டேன்பா. உங்க இடத்துல எங்க ஹாஸ்டல் வார்டனைப் போட்டுட்டோம். பின்வாசல்ல ஒரு ஈ, காக்கா நுழைய முடியல.”

“அவங்களும் நானும் ஒண்ணாம்மா?”

“வாசலைக் காக்கிற வேலைதானே? அதேதாம்பா. மேட்ச் ஆரம்பிக்கப் போகுது, வச்சிடறேன்.”

அண்ணன் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“பால் வச்சிருக்கேன், கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

எழுந்து போய் அடுப்பின் முன்னால் நின்றார். அன்று பால் பொங்கவில்லை.